பேரைச் சொல்லவில்லையே

உண்ணாமலை என்ற பேரை இந்தக் காலத்தில் பெண் குழந்தைக்கு யாரும் வைப்பதில்லை. கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்தில் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற வேணு வைத்தார். கல்யாணமாகி வெகுநாள் பிள்ளையில்லாமல் பௌர்ணமி தவறாமல் கிரிவலம் சுற்றிப் பெற்ற பெண்ணுக்கு அம்மன் பேரை வைக்காமல் வேறு எதை வைப்பது என்பது அவர் கட்சி. ஒரே பிள்ளை. பள்ளிக்கூடத்தில் அவளை ‘மலை’ என்று கூப்பிட்டார்கள். ஆள் கொஞ்சம் பூசினாற்போல் இருந்ததால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள்.

பதினொன்றாம் வகுப்புப் படிக்கும்போது அது நடந்தது. அந்த வருஷம் மல்லாட்டை பிடுங்குகிற சமயத்தில் மழை விடாமல் கொட்டி, காயெல்லாம் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிட்டது. வேணு ஒருவாரமாக யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஒரு மத்தியானம் உண்ணாமலை தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மல்லாட்டைக் கொல்லையிலிருந்து வந்தவர் எப்போதும் இல்லாத வழக்கமாக அவளை ஒட்டி உட்கார்ந்தார்.

“உனக்கும் போடட்டாப்பா?” என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். அவள் தட்டின் மேலேயே வாந்தி எடுத்தார். பயிருக்கு அடிக்கிற மருந்தின் நெடி அவள் மூக்கில் ஏறியது. உண்ணாமலை போட்ட கூச்சலில்தான் தெருவே ஓடி வந்தது. நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்ததால் பிழைத்துக்கொண்டார்.

ஊராரிடம் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னார்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா தனம், முந்தாநாள் வைத்த கருவாட்டுக் குழம்பைச் சூடு பண்ணிப் போட்டுவிட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மகளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு முறை சொன்னாள்: “உசுரே போனாலும் வெளிய வுட்றாத. நாலு பேருக்குத் தெரிஞ்சுதுன்னா அந்த மனுசன் மறுபடியும் அதே வேலயத்தான் பாப்பாரு.”

உண்ணாமலை வெளியே விடவில்லை. ஆனால் சோறும் உள்ளே போகவில்லை. முதலில் குழம்பு பிசைந்தால் மட்டும் குமட்டியது. பிறகு எதைப் பிசைந்தாலும். திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் பி.காம். சேர்ந்த பிறகு, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தாலே தொண்டை இறுகத் தொடங்கியது. கவளம் தொண்டைக்குழி வரை போய் நின்றுகொள்ளும். மூச்சு அடைக்கும். டிபன் பாக்ஸைத் திறந்து மூடி, அப்படியே நாய்க்குக் கொட்டிவிட்டு வீட்டுக்கு வருவாள். மலை கரைந்து போனாள்.

தனம் அவளை இழுத்துக்கொண்டு அலையாத இடமில்லை. ஒரு டாக்டர் கேஸ் டிரபிள் என்றார். இன்னொருவர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்து எல்லாம் நார்மல் என்றார். மூன்றாவது டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “உடம்புல ஒண்ணும் இல்லம்மா, மனசுதான்” என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். மனசு என்றால் எங்கே கொண்டுபோய்க் காட்டுவது என்று அவர் சொல்லவில்லை. தனத்துக்கும் கேட்கத் தோன்றவில்லை. வருகிற வழியில் கோயிலுக்குப் போய் மந்திரித்த எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தாள்.

இரண்டாம் வருஷம் வகுப்பிலேயே மயங்கி விழுந்தபோதுதான் ஆலோசனை அறைக்கு அனுப்பினார்கள். நூலகத்துக்குப் பின்னால், கண்ணாடியில் காகிதம் ஒட்டிய சின்ன அறை. அங்கே இருந்தவர் தமிழ்செல்வி மேடம். நாற்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, பெரிய கைப்பை, சிரித்த முகம்.

“பேசணும்னு தோணுனா பேசு. இல்லன்னா கம்முனு உக்காந்துட்டுப் போ. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்” என்றார்.

சொன்னபடியே கேட்கவில்லை. தன் டிபனைத் திறந்து சாப்பிட்டார். உண்ணாமலை சும்மா உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரமும் அப்படியே. யாரும் அவளைச் சாப்பிடு சாப்பிடு என்று உயிரை எடுக்காத ஒரே இடம் அந்த அறைதான். அதனாலேயே மத்தியானமானால் கால் தானாக அங்கே போனது. ஒருநாள் மேடம் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது, உண்ணாமலை சுவரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். தட்டு, நெடி, அப்பாவின் கண், கருவாட்டுக் குழம்பு. சொல்லி முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது.

“மேடம், எங்க அம்மா யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு...”

மேடம் எச்சில் கையை ஒருபுறம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அவள் தலையைத் தொட்டார். “இது இந்த ரூம வுட்டு வெளிய போவாது. எம்மேல நம்பிக்கை வை.”

அவள் வைத்தாள். அன்றைக்கு மேடம் டிபனிலிருந்து ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டாள். இறங்கியது. ஒரு மாதத்தில் பாதி டிபன் உள்ளே போகிற அளவுக்கு வந்தாள். வீட்டில் தனம் மகளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எலுமிச்சம்பழம் வேலை செய்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாள். உண்ணாமலை மறுக்கவில்லை. அந்தச் சில மாதங்கள்தான் அவள் தன் வாழ்க்கையில் பாரமில்லாமல் இருந்த காலம் என்று இப்போது தோன்றுகிறது.

அக்டோபரில் கல்லூரி அரங்கத்தில் மனநல தின விழா வைத்தார்கள். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். எல்லா வகுப்பையும் கொண்டுவந்து நிரப்பியிருந்தார்கள். ‘மனம் விட்டுப் பேசுவோம்’ என்று பெரிய பேனர். தமிழ்செல்வி மேடம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மேடையில் இருந்தார். உண்ணாமலைக்குப் பெருமையாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எழிலிடம், “அவங்க ரொம்ப நல்லவங்கடி” என்றாள். எழில் அதே ஊர், அதே பஸ், அடுத்த தெரு.

மேடம் மைக்கைப் பிடித்தார். இந்தக் கல்லூரி நிர்வாகம் ஓர் அறையும் கொடுத்து ஆளும் போட்டிருக்கிறது, அதனால் என்ன பயன் என்று சிலர் கேட்கிறார்கள், அவர்களுக்கு ஒரு உண்மைச் சம்பவம் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார்.

“ஒரு மாணவி. பேர் சொல்ல மாட்டேன். விவசாயக் குடும்பம். அவங்களால சாப்பிடவே முடியாது...”

உண்ணாமலைக்கு முதலில் விளங்கவில்லை. தன்னைப் போல இன்னொருத்தி இருக்கிறாள் போலிருக்கிறது என்றுதான் நினைத்தாள். பாவமாகக்கூட இருந்தது. மேடம் மத்தியானத்தைச் சொன்னார். தட்டைச் சொன்னார். பக்கத்தில் வந்து உட்கார்ந்த அப்பாவைச் சொன்னார். நல்ல பேச்சாளர் அவர். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். “அவர் என்ன குடிச்சிருந்தார் தெரியுமா?” என்று கேட்டு நிறுத்தியபோது அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்தப் பொண்ணு இன்னிக்குச் சாப்பிடறா. இதோ, உங்க நடுவுலதான் உக்காந்திருக்கா. அவளுக்காக ஒரு தடவ பலமா கைதட்டுங்க!”

சொல்லிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். நேராக அவளையே பார்த்து. ஒரு தாய் பார்க்கிற மாதிரி.

கைதட்டல் ஓயவே நேரமாகியது. தலைகள் இங்கும் அங்கும் திரும்பின. எலும்பும் தோலுமாக, முகம் வெளுத்து, கை தட்டாமல் உட்கார்ந்திருந்தவள் அங்கே ஒருத்திதான். முன்வரிசையிலிருந்து ஒருவன் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு அவள் பேர் தெரியும். கொஞ்சம் யோசித்தான். பிறகு மெல்ல, பிரித்துச் சொன்னான்: “உண்ணா... மலை!”

அந்த வரிசை முழுக்கச் சிரித்தது.

பஸ்ஸில் எழில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஊர் நெருங்கும்போது, “அது நீதானடி?” என்றாள். “அன்னிக்குக் கொழம்பு ஒத்துக்கலன்னுதானே சொன்னீங்க?” உண்ணாமலை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எழில் கெட்டவள் இல்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம், பாவம்மா அவள் என்றுதான் சொன்னாள். அவள் அம்மாவும் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பாவம் என்றுதான் சொன்னாள். இரண்டே நாளில் அந்தப் பாவம் டீக்கடைக்கு வந்து சேர்ந்தது.

“இன்னா வேணு, மருந்தா அது? நாங்க கொழம்புன்னு இல்ல நெனச்சினு இருந்தோம்” என்று ஒருவர் கேட்டார். “உம்பொண்ணு காலேஜில மைக் போட்டு சொன்னாங்களாமே.”

வேணு டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அடிப்பார் என்று தனம் குறுக்கே வந்து நின்றாள். அவர் கை ஓங்கவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

“அன்னிக்குக் கத்தி ஊரக் கூட்டுனது நீதான். கம்முனு இருந்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். இன்னிக்கு மறுபடியும் ஊரக் கூட்டிட்ட.”

அவர் மகளிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. அதற்கப்புறம் அவள் இருக்கிற அறையில் அவர் சாப்பிட உட்காரவில்லை. தனம் வீட்டிலிருந்த மருந்து டப்பாக்களை ராணியம்மாள் என்கிற தன் அண்ணி வீட்டில் கொண்டுபோய் ஒளித்து வைத்தாள். அவர் கொல்லைக்குக் கிளம்பினால் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு பின்னாலேயே போனாள். போகும்போது மகளைப் பார்த்து, “அவருக்கு ஒண்ணுன்னா அது உன் தலயிலதான்” என்பாள். தினமும் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வா என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

கல்லூரியில் ‘உண்ணா’ என்பதே பேராகிவிட்டது. கேன்டீன் பக்கம் போனால், “உண்ணா உண்ணுதுடா” என்று யாராவது சத்தம் போடுவார்கள். அவள் டிபனைத் திறந்து வாயருகே கொண்டுபோவதை ஒருத்தி போனில் எடுத்து, பின்னணியில் பாட்டுப் போட்டு ஸ்டேட்டஸ் வைத்தாள். அதிலும் கைதட்டுகிற பொம்மைப் படம் ஒட்டியிருந்தாள்.

உண்ணாமலை நூலகத்துக்குப் பின்னால் போனாள். மேடம் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார்.

“எங்க போயிட்டம்மா? விருந்தினர் உன்னப் பத்தி எவ்ளோ உருகிப் பேசினாரு தெரியுமா?”

“வெளிய போவாதுன்னு சொன்னீங்களே மேடம்.”

“நான் பேரச் சொல்லலையேம்மா.”

“எங்கப்பாவப் பத்திச் சொன்னீங்க.”

“உன்னால எத்தன பேருக்குத் தைரியம் வரும்னு யோசிச்சுப் பாரு. நீ ஒரு இன்ஸ்பிரேஷன்.” மேடத்தின் முகத்தில் கள்ளம் துளியும் இல்லை. நல்லது செய்துவிட்டோம் என்றே அவர் நம்பினார். “உங்க அப்பாவுக்கு வேணும்னா நானே போன் பண்ணிப் பேசறேன். இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்லன்னு எடுத்துச் சொல்றேன்.”

அதைக் கேட்டதும் உண்ணாமலைக்குள் ஏதோ அறுந்தது. மேடத்தின் டிபன் பாக்ஸ் மேஜையில் திறந்திருந்தது. அதைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கு நினைவில்லை. நூலகத்திலிருந்தவர்கள் ஓடி வந்து பார்த்தபோது சுவரெல்லாம் தயிர்சாதம், மேடம் மூலையில் அழுதுகொண்டிருந்தார்.

மறுநாள் தனத்தைக் கல்லூரிக்கு வரவழைத்தார்கள். பிள்ளை மற்ற பிள்ளைகளுடன் உட்காரத் தகுதியாக இருக்கிறாள் என்று மனநல மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கி வந்தால்தான் வகுப்புக்குள் விடுவோம் என்றார்கள். தனம் தலையைத் தலையை ஆட்டினாள். வெளியே வந்து, “பைத்தியம்னு சொல்லிட்டாங்களேடி” என்று கல்லூரி கேட் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

யாரோ விசாரித்துச் சொன்ன ஒரு ஆஸ்பத்திரிக்கு அம்மாவும் பெண்ணும் போனார்கள். அங்கே இருந்த டாக்டர் இளைஞர். அவசரப்படாதவர். தனம் தன் பாட்டுக்கு ஒப்பிக்கத் தொடங்கியதும், “நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா. பொண்ணுகிட்டப் பேசணும்” என்று அனுப்பிவிட்டுத் தானே எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“நீ சொல்றது எதுவும் இந்த ரூம விட்டு வெளிய போவாதும்மா.”

உண்ணாமலை அவரைப் பார்த்தாள். சிரித்தாள். அரங்கத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

“ஒண்ணும் இல்ல சார். நல்லாத்தான் இருக்கேன்.”

அவர் விடவில்லை. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று பொறுமையாகக் கேட்டார். அவள் நன்றாகத் தூங்குகிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன் என்றாள். அவர் அவள் மணிக்கட்டு எலும்பைப் பார்த்தார். ஒரே நாளில் சான்றிதழ் தர முடியாது, நாலைந்து தடவை வந்து போ, அதற்குள் பழகிவிடுவோம் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார். உண்ணாமலை சரி சார் என்றாள். அவர் அந்த வேலையைத் தெரிந்து செய்கிறவர் என்பது அவளுக்குப் புரிந்தது. அவரை நம்பினால் தேறிவிடலாம் என்பதும் புரிந்தது. அந்த மாத்திரைச் சீட்டை ஆஸ்பத்திரி வாசலிலேயே கிழித்துப் போட்டாள். செவ்வாய்க்கிழமை போகவில்லை. கல்லூரிக்கும் போகவில்லை. நிர்வாகம் அந்த வருஷ அறிக்கையில் தங்கள் மாணவர்களிடையே மனநலக் குறைபாடு வெகுவாகக் குறைந்துவிட்டதாகப் போட்டது. அது பொய்யில்லை. விழாவுக்குப் பிறகு நூலகத்துக்குப் பின்னால் இருந்த அந்த அறைக்கு அவளைத் தவிர யாருமே போகவில்லை.

இப்போது உண்ணாமலை திருவண்ணாமலையில் ஒரு ஜவுளிக்கடையில் சுடிதார் பிரிவில் நிற்கிறாள். நாலைந்து பெண்கள் சேர்ந்து எடுத்த வீட்டில் தங்கியிருக்கிறாள். பௌர்ணமி வந்தால் கால் வீங்குகிற அளவுக்குக் கூட்டம். மத்தியானச் சாப்பாட்டை எல்லோரும் முடித்து எழுந்த பிறகு, ஸ்டாக் ரூமில் பெட்டிகளுக்கு நடுவே சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கஞ்சியைக் குடித்துவிட்டு வருவாள். கடையில் அவள் பேர் அமுதா. அவளே சொல்லிக்கொண்ட பேர்.

போன வருஷம் தென்றல் என்று ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். பன்னிரண்டாவது முடித்த கையோடு வந்தவள். கலகலவென்று இருந்தவள் சில மாதங்களில் மங்கிப்போனாள். துணியை எடுத்துப் போட்டுவிட்டு, எதற்காக எடுத்தோம் என்று மறந்து நிற்பாள். ஒருநாள் ஸ்டாக் ரூமுக்கு உண்ணாமலையைத் தேடிக்கொண்டு வந்து, பெட்டி மேல் உட்கார்ந்து அழுதாள்.

“அக்கா, எனக்குக் காதுல யாரோ திட்டினே இருக்கறாங்கக்கா. யாரும் இல்ல, ஆனா கேக்குது. ஆஸ்பத்திரில இதுக்குன்னு டாக்டர் இருக்காருன்னு போன்ல பாத்தேன். லீவு நாள்ல போலாம்னு இருக்கறேன். தனியா போவ பயமா இருக்குது. நீ கூட வர்றியாக்கா?”

உண்ணாமலை கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அங்க போனா இன்னா கேப்பாங்க தெரியுமா?”

“இன்னாக்கா?”

“எல்லாத்தயும் கேப்பாங்க. நீ சொல்லுவ. அத்தோட அதுதான் உன் பேரு. செத்தாலும் போவாது.” தென்றலின் கண்ணைத் துடைத்துவிட்டாள். உண்மையான பிரியத்தோடுதான் துடைத்தாள். “யாருகிட்டயும் சொல்லாத. எங்கிட்ட சொன்னதயும் மறந்துடு. பல்லக் கடிச்சினு இரு, தானா போயிடும்.”

தென்றல் தலையாட்டினாள். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். சொன்னால் கேட்கிற பெண். கார்த்திகை தீபத்துக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அவள் இடத்துக்கு வேறு பெண்ணைப் போட்டார்கள்.

மாசி மாதம் ஒரு காலையில் தென்றலின் அம்மா, கடையில் மகளுக்குக் கொடுத்திருந்த சீருடைப் புடவையைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். மேனேஜரிடம் கொடுத்துவிட்டு, அமுதா யார் என்று விசாரித்துக்கொண்டு சுடிதார் பிரிவுக்கு வந்தாள். ஒல்லியான பெண்பிள்ளை. கையில் பிறாண்டின தழும்புகள்.

“நீதான் அமுதாவாம்மா? உன்னப் பத்தித்தான் எப்பவும் பேசினு இருக்கும்.”

“தென்றல் எப்படி இருக்குது?”

“இன்னாத்தச் சொல்றது. சாப்பிடல, தூங்கல, சொவுத்தப் பாத்துச் சண்ட போடுது. வெளிய ஓடிப்போயி ரெண்டு தடவ கெணத்தாண்டயிருந்து புடிச்சினு வந்தோம். இப்ப ரூம்லயே வெச்சிப் பூட்டி வெச்சிருக்கறோம். அவங்கப்பா ஒரு கோயிலுக்கு இட்டுனு போயி வுட்றலாம்னு சொல்றாரு.” முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “உங்கிட்ட ஏதாச்சும் சொல்லிச்சாம்மா? எப்ப ஆரம்பிச்சுது, எதனாலன்னு?”

“இல்லைங்க. எங்கிட்ட ஒண்ணும் சொல்லல.”

“இதுக்குன்னு டாக்டருங்க இருக்காங்களாமே. எங்க காட்டறதுனு ஒண்ணும் புரியல. நீ டவுன்ல இருக்கற பொண்ணு. உனக்கு எங்கயாச்சும் தெரியுமா?”

உண்ணாமலைக்கு அந்த ஆஸ்பத்திரி தெரியும். எந்தப் படி ஏற வேண்டும், எந்தக் கதவு என்று தெரியும். எழுந்து போய்க் கதவைச் சாத்துகிற அந்த டாக்டரைத் தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அம்மா கதவுக்கு வெளியே நிற்பதும், தென்றல் வாயைத் திறப்பதும், அது டீக்கடைக்கு வந்து சேர்வதும் அவள் கண்ணுக்கு முன்னால் ஓடின. பூட்டின அறை அவள் கண்ணுக்கு முன்னால் வரவில்லை.

“எனக்குத் தெரியாதுங்க” என்றாள்.

தென்றலின் அம்மா அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, “நல்லா இரும்மா” என்று சொல்லிப் படியிறங்கிப் போனாள். ஒரு தாயும் மகளும் சுடிதார் பார்க்க வந்து நின்றார்கள். பச்சையில் வேண்டும் என்றாள் மகள். உண்ணாமலை மேல்தட்டிலிருந்து பச்சையை எடுத்து உதறி விரித்துப் போட்டாள்.